ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எடைக்கணக்கு

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வாழ்ந்து, வயது வந்த நாள்முதல் ஒரு தேர்தலையும் தவறவிடாமல் வாக்களித்துவரும் பிரஜை ஒருவர், மாநகராட்சிக்கும் சட்டசபைக்கும் மக்களவைக்கும் தமது கையாலேயே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் எவருடைய சம்மதமின்றி நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாவதில்லையோ, எவருடைய பெயரால் மத்திய அரசின் ஆணைகளெல்லாம் பிறக்கின்றனவோ, அந்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டை அவர் தம் ஆயுளில் ஒருமுறையும் தொட்டுப் பார்ப்பதில்லை.

நேரே வாக்களிக்கும் உரிமை மக்களுக்கு இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறையை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் அரசியல் சாசனத்தின் 54, 55ஆம் ஷரத்துகளை நிதானமாகப் படித்து, அவை உருவானபோது நடந்த விவாதங்களையும் அதன்பின் அவை இயங்கிவந்த சரித்திரத்தையும் ஒருசேர வைத்து நோக்கினால், இந்த முறையின் ஜீவன் வாக்களிப்பவர் யார் என்பதைவிட, அவர் இடும் வாக்கின் எடை எவ்வாறு நிர்ணயமாகிறது என்பதிலேயே அடங்கியிருக்கிறது என்பது புலப்படும். சமஷ்டியில் மாநிலங்களுக்கு உள்ள பங்கைக் காப்பது அந்த எடைதான். அதற்கு ஆதாரமான கணக்கு மாறவிருக்கும் தருவாயில் இருக்கிறோம் என்பதால், இதைப் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டாருக்கு இப்போது ஒரு கடமையாகவே ஆகிவிட்டது.

நிர்ணய சபையின் முன்னிருந்த கேள்வி

1947ஆம் ஆண்டு ஜூலையில், ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் அமைந்த ஒன்றிய அரசியலமைப்புக் குழுவின் அறிக்கை அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. அக்குழுவில் சென்னையைச் சேர்ந்த இரு பேரறிவாளர்கள் இருந்தனர். ஒருவர், லஸ் சர்ச் சாலையில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லத்தில் வாழ்ந்தவரும், 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக விளங்கியவருமான அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். மற்றவர், சென்னையில் கல்வி பயின்று சென்னை மாகாண சிவில் சர்வீஸில் பணியைத் தொடங்கி, காஷ்மீர சமஸ்தானத்தின் பிரதம மந்திரி பதவிவரை உயர்ந்த கோபாலசாமி ஐயங்கார். அல்லாடியின் சட்ட ஞானமும் ஐயங்காரின் நிர்வாக அனுபவமும் சாசனத்தின் இந்தப் பகுதிக்குப் பெருந்துணையாக அமைந்தன.

அவர்கள் முன்னிருந்த கேள்வி எளிதன்று. ஆட்சியை நடத்தப்போவது மக்களவைக்குப் பொறுப்பான மந்திரிசபை என்று தீர்மானமாகிவிட்டபின், அந்த மந்திரிசபையின் யோசனைப்படி நடக்க வேண்டிய ஜனாதிபதியைக் கோடானுகோடி மக்கள் நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால், அத்தனை பெரிய பலத்தோடு பதவியேற்கும் ஒருவர் வெறும் சம்பிரதாயத் தலைவராக அடங்கி நடப்பாரா? நடப்பார் எனில், அவ்வளவு பெரிய தேர்தல் எதற்காக? நடக்கமாட்டார் எனில், பிரதம மந்திரிக்கும் அவருக்கும் மூளும் பிணக்கைத் தீர்ப்பவர் யார்? நேரு அன்று எடுத்துக்காட்டிய முரண்பாடு இதுவே. சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஓயாத பிளவு நேருமானால் இளம் ஜனநாயகம் ஒன்று அதைத் தாங்காது என்பது அல்லாடியின் உறுதியான அபிப்பிராயம்.

மாற்றுக் கருத்தும் வலுவாகவே ஒலித்தது. பொருளாதார நிபுணரான பேராசிரியர் கே.டி. ஷா, ஜனாதிபதியை வயதுவந்தோர் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். வாக்காளர் தொகையின் பிரம்மாண்டத்தையும், அத்தகைய தேர்தலை நடத்தப் போதிய அதிகாரிகள் இல்லாமையையும், ஜனாதிபதிக்கு நம் சாசனத்தில் உள்ள ஸ்தானத்தையும் எடுத்துக்கூறி டாக்டர் அம்பேத்கர் விடையளித்தார். திருத்தம் தோற்றது.

அப்படியானால் நாடாளுமன்ற உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுத்துவிடலாமே என்ற வினா எழும். அவ்வாறு விட்டிருந்தால், மக்களவையில் பெரும்பான்மை பெற்ற கட்சி பிரதம மந்திரியை அமர்த்தும் அதே கையால் ஜனாதிபதியையும் அமர்த்தியிருக்கும். மாநிலங்களுக்கு அதில் எவ்விதப் பாத்தியதையும் இருந்திராது. ஆகவேதான் நாடாளுமன்றத்தின் இரு சபைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்த ஒரு வாக்காளர் குழு வகுக்கப்பட்டது. நியமன உறுப்பினர்களுக்கு இதில் இடமில்லை. மாநில மேல்சபையினருக்கும் இல்லை. மக்களிடம் நேரே வாக்குப் பெற்று வந்த சட்டசபை உறுப்பினரின் வாயிலாக, மயிலாப்பூர் வாக்காளரின் விருப்பமும் ராஷ்டிரபதி பவனத்தின் வாசல்வரை சென்று சேர்கிறது.

முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கையில் இந்தக் குழு பிறந்திருக்கவில்லை. கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியையே முதல் ஜனாதிபதியாக்க வேண்டும் என்று நேரு விரும்பினார், காங்கிரஸ் உறுப்பினருள் பலரும் ராஜேந்திர பிரசாத்தை விரும்பினர், ராஜாஜி விலகிக்கொண்டார். 1950 ஜனவரி 24 அன்று நிர்ணய சபை பிரசாத்தைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது. ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதா குறித்து 1951இல் பிரசாத்துக்கும் நேருவுக்கும் அபிப்பிராய பேதம் எழுந்தபோது, ஜனாதிபதி மந்திரிசபையின் யோசனைக்குக் கட்டுப்பட்டவரே என்று நேருவிடம் தெளிவுபடுத்திய சட்ட நிபுணர் இருவருள் அல்லாடியும் ஒருவர். மற்றவர் அட்டர்னி ஜெனரல் சீதல்வாட். 1952 மே மாதத்தில் புதிய முறைப்படி நடந்த முதல் தேர்தலில் பிரசாத் 5,07,400 வாக்கு மதிப்பும், அவரை எதிர்த்த முக்கிய அபேட்சகர் 92,827 வாக்கு மதிப்பும் பெற்றனர். அந்த அபேட்சகர், நேரடித் தேர்தல் வேண்டும் என்று சபையில் வாதாடிய அதே கே.டி. ஷாதான். தாம் எதிர்த்த முறை சட்டமான பிறகு, அந்த முறைக்குட்பட்டே போட்டியிட்ட அவருடைய ஜனநாயகப் பண்பு போற்றத்தக்கது.

ஒரு வாக்கின் எடை

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அம்மாநிலச் சட்டசபையில் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதே அங்குள்ள உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு. 1971ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. சட்டசபை உறுப்பினர்கள் 234 பேர். எனவே ஒவ்வொருவரின் வாக்கும் 176. உத்தரப் பிரதேசத்தில் இது 208, கேரளத்தில் 152, புதுச்சேரியில் 16, சிக்கிமில் 7. வேளச்சேரித் தொகுதியில் வாக்காளர் எத்தனை பேர், தியாகராய நகரில் எத்தனை பேர் என்னும் பேதம் இங்கே இல்லை; மாநிலத்துக்குள் எல்லாரும் சமமே.

எல்லா மாநில உறுப்பினர்களுடைய வாக்கு மதிப்பையும் கூட்டி, அத்தொகையை நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநிலங்களின் கூட்டுத்தொகை 5,43,231. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 776 பேர். ஆகவே ஒவ்வொருவருக்கும் 700. அதற்கு முந்தைய தேர்தல்களில் 708ஆக இருந்த இம்மதிப்பு, ஜம்மு காஷ்மீரில் அப்போது சட்டசபை இல்லாமையால் குறைந்தது. இந்த இரண்டாம் வகுத்தலின் பயனாக, மாநிலங்களனைத்தும் சேர்ந்து ஒரு பாதியும், நாடாளுமன்றம் மறுபாதியுமாகத் தராசின் இரு தட்டுகளும் சமனாகின்றன. 55ஆம் ஷரத்து தெளிவாக நாடுவதும் இந்தச் சமநிலையைத்தான்.

தமிழ்நாட்டின் நிலையை இக்கணக்கில் வைத்துப் பார்த்தால், 234 சட்டசபை உறுப்பினர்களின் மதிப்பு 41,184, 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுமாக 57 பேரின் மதிப்பு 39,900, மொத்தம் 81,084. 2022இல் நாடு முழுவதற்குமான மொத்த மதிப்பாகிய 10,86,431இல் இது ஏறத்தாழ ஏழரை சதவிகிதம்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு மாநிலம் தன் சட்டசபையின் இடங்களைக் கூட்டிக்கொண்டாலும் அதன் மொத்த எடை கூடுவதில்லை. ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பு மட்டும் அதற்கேற்பக் குறைந்துவிடும். ஆகவே மாநிலத்தின் எடை முழுவதும் மக்கள்தொகை என்னும் ஒரே எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

கோட்டையில் வாக்குப்பதிவு

இந்தத் தேர்தல் நாளில் சென்னையின் வாக்குச்சாவடி புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தலைமைச் செயலகத்தில் அமைகிறது. சட்டசபை உறுப்பினருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. முன்னனுமதி பெற்று இங்கே வாக்களிக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சைச் சீட்டு. சீட்டில் சின்னம் ஏதுமில்லை. ஒரு பத்தியில் அபேட்சகரின் பெயரும், எதிர்ப்பத்தியில் விருப்ப வரிசையைக் குறிப்பதற்கான வெற்றிடமுமே இருக்கும். உறுப்பினர் தம் சொந்தப் பேனாவை உபயோகிக்கக் கூடாது. தேர்தல் கமிஷன் தரும் ஊதா மைப் பேனாவால்தான் எழுத வேண்டும். விருப்பத்தை எழுத்தால் எழுதினால் சீட்டு செல்லாது. எண்ணால் குறிக்க வேண்டும். அந்த எண் இந்திய மொழி எதன் வடிவத்திலும் இருக்கலாம் என்று விதி அனுமதிப்பதால், விரும்பும் உறுப்பினர் தமிழ் எண்ணாகிய '௧' என்பதையே இட்டுத் தம் முதல் விருப்பத்தைத் தெரிவிக்கலாம்.

வாக்குப் பெட்டி முத்திரையிடப்பட்டு டெல்லிக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. 2022இல் அப்பெட்டிகளுக்கென்று தனி விமானச் சீட்டே வாங்கப்பட்டு, காவலாகச் சென்ற அதிகாரியின் அருகிருக்கையிலேயே அவை வைத்துக் கொண்டுசெல்லப்பட்டன. மாநிலம் ஒன்றின் எடை முழுவதும் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடங்கியிருக்கையில் இத்தனை ஜாக்கிரதையும் தகும்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, இத்தேர்தலில் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது என்பது. வாக்குப்பதிவு ரகசியமானது, கட்சி தன் விருப்பத்தைச் சொல்லலாமே தவிர, மீறியவரின் பதவியைப் பறிக்க இயலாது. சட்டசபையில் ஒவ்வொரு வாக்கையும் கட்சியின் கட்டளைப்படி அளிக்கும் உறுப்பினருக்கு, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்தத் தேர்தலில் மனச்சாட்சிக்கும் மாநிலத்துக்கும் மட்டுமே பதில் சொல்லும் வாய்ப்பைச் சட்டம் அளிக்கிறது.

1969: இரண்டாம் விருப்பம் பேசிய தேர்தல்

இந்த முறையின் உறுப்புகள் யாவும் ஒருங்கே சோதனைக்குள்ளான சந்தர்ப்பம் 1969இல் நேர்ந்தது. மே 3 அன்று ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். காங்கிரஸ் கட்சி தன் அபேட்சகராக நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. உப ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரி பதவி துறந்து சுயேச்சையாக நின்றார். இருவருமே சென்னைக்கு அந்நியரல்லர். ரெட்டி அடையாற்றில் தியாசாபிகல் பள்ளியில் படித்தவர், பழைய சென்னைச் சட்டசபையின் உறுப்பினர். கிரியோ 1937இல் ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் தொழிலாளர் நலனைக் கவனித்தவர். தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராஜர் ரெட்டியின் பக்கம் நின்றார். இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு வேண்டினார். அப்போது தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. கிரியை ஆதரித்தது.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு நடந்தது. செல்லத்தக்க வாக்கு மதிப்பு 8,36,337. அதில் பாதிக்கு மேல், அதாவது 4,18,169 பெறுபவரே வெற்றி பெறுவார். முதல் விருப்ப எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மற்றோர் அபேட்சகரான சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. ஒருவரும் இலக்கை எட்டவில்லை. விதிப்படி மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் குறிக்கப்பட்ட அடுத்த விருப்பங்களை எஞ்சியவர்களுக்குச் சேர்த்தபோது, ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்கு 18,562தான் கூடியது. எனினும் கிரிக்குத் தேவைப்பட்டது 16,654 மட்டுமே. முடிவில் 4,20,077க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி வென்றார். முதல் எண்ணிக்கையில் முடிவு தெரியாமல் இரண்டாம் விருப்பம் வரை சென்ற ஜனாதிபதித் தேர்தல் இது ஒன்றே.

வித்தியாசம் 14,650. அந்நாளில் 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வாக்கு 144. நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு 576. 1967இல் தி.மு.க. வென்றவை சட்டசபையில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களும் மக்களவையில் 25 இடங்களும். இவ்விரண்டின் மதிப்பை மட்டும் கூட்டினாலும் முப்பத்து மூவாயிரத்தைத் தாண்டுகிறது. ரகசிய வாக்குப்பதிவில் எவர் எவருக்கு வாக்களித்தார் என்று யாரும் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் அந்த வாக்கு மதிப்பு முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும் என்பதைக் கணக்கே காட்டுகிறது. மத்தியில் ஆண்ட கட்சி தனக்குள் பிளவுபட்ட ஒரு வேளையில், நாட்டின் தலைவர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு மாநிலத்தின் எடைக்கு இத்தனை சக்தி இருந்தது. தேர்தலை எதிர்த்து வந்த வழக்கில் கிரி, ஜனாதிபதியாக இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்தில் நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். தேர்தல் செல்லும் என்று 1970இல் தீர்ப்பாயிற்று. அன்று தோற்ற ரெட்டி 1977இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின்னாளிலும் சென்னையின் பெயர் இத்தேர்தல்களில் பன்முறை ஒலித்தது. 1977இலும் 1980இலும் தென்சென்னை வாக்காளர்கள் மக்களவைக்கு அனுப்பிய ஆர். வெங்கட்ராமன், 1987இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை வென்று ஜனாதிபதியானார். 2002இல் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அப்துல் கலாமும், சென்னையில் பிறந்து இங்கேயே மருத்துவம் பயின்ற கேப்டன் லட்சுமி சேகலும் எதிரெதிரே நின்றனர். கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366 பெற்றனர்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவிலும் ஜனாதிபதியை 538 பேர் கொண்ட வாக்காளர் குழுதான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அக்குழு அந்த ஒரு காரியத்துக்கென்றே பிறந்து அத்துடன் மறைவது. பெரும்பாலான மாநிலங்களில் வென்ற கட்சிக்கே அம்மாநிலத்தின் இடங்கள் அனைத்தும் போய்ச் சேர்வதால், 2000த்திலும் 2016இலும் நாடு முழுவதிலும் குறைந்த வாக்குப் பெற்றவர் ஜனாதிபதியானார். நம்முடைய குழுவின் உறுப்பினர்கள் ஏற்கெனவே மக்களுக்குக் கடமைப்பட்டவர்கள். ஒரு மாநிலத்தின் எடை பல அபேட்சகர்களுக்கிடையே பிரிந்து செல்லவும் இங்கே வழியுண்டு.

இலங்கையோ 1978ஆம் ஆண்டுச் சாசனத்தால் சர்வ அதிகாரமும் பொருந்திய ஜனாதிபதியை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. மக்கள் கிளர்ச்சியால் கோத்தபாய ராஜபக்ச நீங்கியபின், 2022 ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் கூடி 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அதிகாரம் முழுவதும் குவிந்திருந்த அந்தப் பதவிக்கு மக்களைக் கேளாமல் ஒருவர் வந்தபோது, அது நியாயமா என்று பலர் வினவினர். ஆளும் அதிகாரம் உள்ள பதவியாயின் மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பது நியாயம். சமஷ்டியின் சின்னமாகவும் சாசனத்தின் காவலாகவும் நிற்கும் பதவியாயின், சமஷ்டியின் அங்கங்கள் அனைத்தும் கூடித் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.

1971 என்னும் அஸ்திவாரம்

எடைக்கு ஆதாரம் மக்கள்தொகை என்று கண்டோம். எந்த ஆண்டின் மக்கள்தொகை என்பதில்தான் தமிழ்நாட்டின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சிரத்தையுடன் நிறைவேற்றிய மாநிலங்கள் அதனாலேயே அரசியல் செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்னும் நியாயத்தால், 1976இல் 42ஆவது திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கையே நிலைநிறுத்தியது. 2002இல் அமலுக்கு வந்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் குடிக்கணக்கின் எண்கள் வெளியாகும்வரை அதை நீட்டித்தது. மக்களவை இடங்களைப் பற்றிய வாதம் இன்று எங்கும் ஒலிக்கிறது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டமும் 1971ஆம் ஆண்டு அடிப்படையை மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும் என்றது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலுக்குரிய 55ஆம் ஷரத்திலும் இதே வரம்பு எழுதப்பட்டிருப்பதை நினைவூட்டுவோர் அரிதாகவே இருக்கிறார்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தாலே மாறுதலின் பரிமாணம் தெரியும். 7,21,47,030 பேர் கொண்ட தமிழ்நாட்டில் உறுப்பினர் ஒருவரின் வாக்கு 308ஆகும். 19,98,12,341 பேர் கொண்ட உத்தரப் பிரதேசத்தில் 496ஆகும். இன்று உத்தரப் பிரதேசத்தின் சட்டசபை எடை நம்முடையதைப்போல் இரண்டு மடங்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கிலோ அது இரண்டே முக்கால் மடங்கைத் தாண்டிவிடும். மாநிலங்களின் பாதியில் ஏழரை சதவிகிதத்துக்குச் சற்று மேலாக உள்ள நம் பங்கு ஏறத்தாழ ஆறாகச் சுருங்கும். 1969இன் வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதை நினைவிற்கொண்டால் இந்த இழப்பின் கனம் விளங்கும்.

உத்தரப் பிரதேசத்துப் பிரஜையின் எடை மட்டும் ஏன் பழைய கணக்கிலேயே குறுகிக் கிடக்க வேண்டும் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆட்சி செய்யும் அதிகாரம் மக்களவையிலிருந்து பிறப்பது. மக்கள்தொகை என்னும் தத்துவம் தன் முழு உரிமையையும் கோரத்தக்க இடம் அதுவே. ஜனாதிபதியின் தேர்தலிலோ அந்தத் தத்துவத்துடன் மாநிலங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான சமநிலை என்னும் மற்றொரு தத்துவமும் ஆதியிலிருந்தே பிணைந்திருக்கிறது. எனவே மக்களவை இடங்களைப் பற்றி நாடு எந்த முடிவுக்கு வந்தாலும், 55ஆம் ஷரத்தின் எடைக்கணக்கை அதனின்றும் பிரித்து 1971இலேயே நிலைநிறுத்துவது தகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டத்தின் நிலையும் இதில் நம்மைத் துரிதப்படுத்துகிறது. 54, 55ஆம் ஷரத்துகளைத் திருத்துவதற்கு நாடாளுமன்றத்தின் விசேஷப் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் சம்மதமும் வேண்டும் என்று 368ஆம் ஷரத்து விதிக்கிறது. மாநிலங்களைக் கேளாமல் அவற்றின் பங்கை மாற்றலாகாது என்பதே அதன் தாத்பரியம். ஆனால் இந்த மாற்றமோ எந்தத் திருத்தமும் இல்லாமல், எவரையும் கேளாமல், குடிக்கணக்கு வெளியாகும் நாளில் தானே வந்து சேரும். மௌனமாக இருந்தால் இழப்பு நிச்சயம். இழக்காதிருக்க வேண்டுமானால் இப்போதே பேசியாக வேண்டும். அதற்கான தீர்மானத்தை முதலில் நிறைவேற்ற வேண்டியது நம் சட்டசபை. அதை நிறைவேற்றுமாறு கேட்க வேண்டியவர்கள், ஒவ்வொரு சட்டசபைத் தேர்தலிலும் தாம் இடும் வாக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் ஆகும் என்பதை உணர்ந்த மக்கள்.